பேடா தின்றுவிட்டுப் போனவர்

வேலூர்ப் பக்கத்தில் இன்டர்ன் என்றால் டாக்டருக்குப் படித்துவிட்டு ஆஸ்பத்திரியில் வேலை பழகுகிறவர். வேறு அர்த்தம் கிடையாது. இதை யோசிக்காமல் என் அண்ணன் ஒருநாள் குழாயடியில் நின்றுகொண்டு, "டெல்லிக்கு இன்டர்னா போகப் போறேன்" என்று பக்கத்து வீட்டு காலாவிடம் சொல்லிவிட்டான். காலா என்றால் உருதுவில் சித்தி, தெருவில் எல்லாரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவோம். மறுநாள் காலையில் எங்கள் வாசலில் மூன்று பேர் நின்றார்கள். ஒரு அம்மாவுக்கு முழங்கால் வலி. ஒருத்தர் கையில் எக்ஸ்ரே. மூன்றாவது ஆள் நாக்கை நீட்டிக்கொண்டே வந்தார்.

அண்ணன் படித்தது சரித்திரம். அதைச் சொன்னதும் எக்ஸ்ரேக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப இன்டர்ன்னு ஏன் சொன்ன?" என்று கேட்டுவிட்டுப் போனார். காலா மட்டும் விடவில்லை.

"அரே பேட்டா, டாக்டர் இல்லன்னா அப்புறம் இன்னாத்துக்கு இன்டர்ன்?"

"வெளிநாட்டு விவகாரம் காலா. எந்த நாடு எந்த நாட்டோட இன்னா பேசுது, எதுக்குப் பேசுது, அதெல்லாம் படிச்சு எழுதறது."

"அதான் ரேடியோவுல சொல்றானே."

"ரேடியோவுல சொல்லாதத எழுதணும்."

"சொல்லாதது உனக்கு எப்டி தெரியும்?"

இப்போது யோசித்தால் காலா கேட்டதுதான் சரியான கேள்வி என்று தோன்றுகிறது. சொல்லாததைக் கண்டுபிடிக்கப் போகிறேன் என்றவன், வீட்டில் சொல்லவேண்டியதைச் சொல்லாமல் விட்டான். அதனால்தான் எல்லாம் கெட்டது. நானும் கெடுத்தேன். என் பங்குதான் ஜாஸ்தி.

அண்ணன் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. செத்தவனைக் கோபித்துக்கொள்ளக் கூடாது என்று அம்மா சொல்கிறாள். எனக்குக் கோபம் வருகிறது, என்ன செய்ய. அவன்மேல், டெல்லிமேல், அந்த அப்ளிகேஷன் பாரங்கள்மேல், என்மேல். அழுகை வந்தால் கோபமும் கூடவே வந்துவிடுகிறது. இரண்டையும் பிரிக்கத் தெரியவில்லை.

நான் ஏழாவதோடு நின்றவள். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறேன். அப்பர் என்றால் ஷூவின் மேல்பாகம். அப்பாவும் அதே கம்பெனியில் பேக்கிங். எங்கள் சொந்தக்காரர்கள் எல்லாம் குடியாத்தத்தில் தறி போடுகிறவர்கள். அப்பா மட்டும் தறியை விட்டு இங்கே வந்துவிட்டார். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் உருது பேசுவார்கள். அண்ணன் சின்ன வயதில் காலாவின் பிள்ளைகளோடு உட்கார்ந்து உருது எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டான். பேச எனக்கும் வரும். எழுத்து வராது.

காலையிலும் சாயந்திரமும் அவன் ரேடியோவும் கையுமாக இருப்பான். மாஸ்கோவிலிருந்து தமிழில் பேசுவார்கள். பீகிங்கிலிருந்தும் பேசுவார்கள். நிகழ்ச்சி நன்றாகக் கேட்டது என்று இவன் கடிதம் போடுவான். அவர்கள் பதிலுக்குக் காலண்டர், பேட்ஜ், பனி மூடிய ஊர்களின் படம் எல்லாம் அனுப்புவார்கள். எங்கள் வீட்டுச் சுவரில் முருகன் ஒருத்தரைத் தவிர மற்ற படமெல்லாம் ரஷ்யாவும் சீனாவும்தான். ஆம்பூர் வெயிலில் அந்தப் பனியைப் பார்த்துக்கொண்டே நாங்கள் சாப்பிடுவோம்.

காலேஜுக்கு வேலூர் போய்வந்தான். அங்கே ஒரு வாத்தியார், பட்டணங்களில் மாணவர்களை இரண்டு மாதம் வைத்துப் பழக்கும் இடங்கள் இருக்கின்றன என்று சொல்லிவிட்டார். வெளிநாட்டு விவகாரங்களை ஆராயும் நிலையங்கள், பத்திரிகைகளின் வெளிநாட்டுச் செய்திப் பிரிவு, தூதரகங்கள். அதற்குமேல் சர்க்கார் ஆபீஸ்கள் சில, வாசலில் போர்டு கூட வைக்காதவை. சொன்னவர் அதோடு விட்டார். விலாசம் தரவில்லை, யாரைக் கேட்பது என்று சொல்லவில்லை. இப்படி ஒரு ஊர் இருக்கிறது, வழி எனக்குத் தெரியாது என்பது போல.

அண்ணன் லைப்ரரியில் தடித்த புத்தகங்களைப் புரட்டி விலாசம் எழுதிக்கொண்டு வருவான். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் கெஞ்சி, வகுப்பு முடிந்ததும் ஒரு மிஷினில் உட்கார்ந்து அடிப்பான். அந்த மிஷினில் 'e' எழுத்து பாதிதான் விழும். ஒவ்வொரு கடிதத்திலும் ஒவ்வொரு 'e'யையும் பேனாவால் நிரப்புவான். நான் பக்கத்தில் உட்கார்ந்து கவர் ஒட்டுவேன்.

அப்பாவுக்கு மட்டும் இது கடைசிவரை புரியவில்லை.

"சம்பளம் எவ்ளோ?"

"சம்பளம் இல்லப்பா. இது பழகறது."

"சோறு?"

"நம்மளே பாத்துக்கணும்."

"சம்பளமும் இல்ல, சோறும் இல்ல. அதுக்கு நீ நாப்பது பேருக்கு லெட்டர் போட்டுக் கெஞ்சற. நான் ஒரு வார்த்த சொன்னா நாளைக்கே கம்பெனியில கட்டிங்ல எடுத்துக்குவான்."

"கட்டிங் இல்லப்பா இது."

"தெரியும்டா. கட்டிங்னா கையில தொழில் இருக்கும்."

பதில்கள் வர ஆரம்பித்தன. தபால்காரர் வரும்போது அவன் காலேஜில் இருப்பான். எனக்கு அப்போதெல்லாம் இரண்டாம் ஷிப்டு, பகலில் வீட்டில் இருப்பேன். கவரைப் பிரித்துப் பார்ப்பேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் கம்பெனி இங்கிலீஷ்தான். ஸ்டிச்சிங், கட்டிங், லைனிங், ரிஜக்ட். கம்பெனியில் தையல் கோணினால் சூப்பர்வைசர் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்து ரிஜக்ட் என்று தூக்கிப் போட்டுவிடுவார். அதனால் கடிதத்தில் ரிஜக்ட் இருக்கிறதா என்று ஒவ்வொரு எழுத்தாகத் தேடினேன். இல்லை. அன்றைக்குக் காலேஜ் அரைநாள், அவன் பஸ் இறங்கி வரும்போது தெருமுனைக்கே ஓடினேன்.

"அண்ணா, ரிஜக்ட் இல்ல! நல்லா பாத்துட்டேன்!"

அவன் வாங்கிப் படித்தான். முதல் வரியிலேயே நிறுத்திவிட்டான்.

"இது இன்னா வார்த்த தெரியுமா? ரிக்ரெட். வருத்தப்படறோம்னு அர்த்தம்."

"எதுக்கு வருத்தப்படறாங்க?"

"ரிஜக்ட் பண்றதுக்கு."

எனக்கு எரிச்சலாக வந்தது. வேண்டாம் என்றால் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே. எங்கேயோ இருக்கிற ஆபீசருக்கு என் அண்ணனுக்காக என்ன வருத்தம்? அன்றிலிருந்து நான் கவரைப் பிரித்ததும் ரிக்ரெட்டைத் தேடுவேன். எப்போதும் இருக்கும். சில பேர் வருத்தம்கூடப் படவில்லை, பதிலே போடவில்லை. ஒரு தூதரகம் மட்டும் தங்கள் நாட்டு ஆப்பிள் பற்றி வண்ணப் புத்தகம் ஒன்று அனுப்பியது.

பாரம் அனுப்பிய இடங்கள் அதைவிட மோசம். சர்டிபிகேட் நகல் எல்லாவற்றிலும் கெஜடட் ஆபீசர் பச்சை மையில் கையெழுத்துப் போட வேண்டுமாம். எங்களுக்குத் தெரிந்த கெஜடட் ஆபீசர் யார் இருக்கிறார்கள்? ஒரு ஆபீசுக்குப் போவான். உள்ளே இருப்பவர் சாப்பிடப் போயிருப்பார், கேம்ப் போயிருப்பார், இருந்தால் மூட் இல்லாமல் இருப்பார். நானும் ஒருதரம் கூடப் போனேன். வாசலில் இருந்த பியூன் அண்ணனைப் பார்த்ததும் ஸ்டூலை விட்டு எழுந்து கும்பிட்டார்.

"வாங்க வாங்க, வெளிநாட்டு மந்திரி வந்துட்டாரு. இன்னிக்கு எந்த நாட்டோட பேச்சுவார்த்த?"

"ஒரு கையெழுத்துண்ணே."

"அமெரிக்கா கூட சீக்கிரம் போட்டுடும். எங்க ஐயா போட மாட்டாரு. நாளைக்கு வா."

மூன்று "நாளைக்கு வா" ஆன பிறகு கையெழுத்து கிடைத்தது. அதற்குள் அந்த இடத்துக்குக் கடைசித் தேதி தாண்டிவிட்டது.

உங்களை நன்றாகத் தெரிந்த இரண்டு பிரமுகர்கள் பெயரை எழுதவும் என்று ஒரு பாரத்தில் இருந்தது. எங்களைத் தெரிந்த பிரமுகர் யாரும் இல்லை, பிரமுகர்களைத்தான் எங்களுக்குத் தெரியும். ஒருவழியாகக் காலேஜ் கடைசி வருஷத்தில் அவனுக்கு ஒரு இடம் கிடைத்தது என்றால் அது பிரமுகரால் இல்லை, காலா வீட்டு உருதுவால். டெல்லியில் ஒரு ஆபீஸ். வெளிநாட்டு ரேடியோவையும் பேப்பரையும் கேட்டுப் படித்து, முக்கியமானதை எடுத்து மேலே அனுப்புகிறவர்கள். தமிழும் உருதுவும் இங்கிலீஷும் சேர்ந்து தெரிந்த பையன் அவர்களுக்கு வேறு எங்கே கிடைப்பான்? ரேடியோ கேட்பதையே வேலையாகக் கொடுக்கிறார்கள். அவனுக்கென்றே யாரோ செய்து வைத்த இடம் மாதிரி இருந்தது.

அந்தக் கடிதத்தில் ரிக்ரெட் இல்லை. நான் இரண்டு பக்கமும் தேடினேன். இல்லவே இல்லை.

அவன் அன்றைக்கு ஆற்காடு பக்கம் போகிற நண்பனிடம் சொல்லி அந்த ஊர் இனிப்பான மக்கன் பேடா ஒரு பெட்டி வரவழைத்தான். எல்லாருக்கும் கொடுத்தான்.

"டெல்லி முடிவாயிடுச்சா?" என்று அம்மா கேட்டாள்.

"ஆன மாதிரிதான். இன்னும் ஒண்ணே ஒண்ணு பாக்கி."

"இன்னா அது?"

"அதெல்லாம் சொல்லக்கூடாதும்மா. ரகசியம்னு போட்டிருக்கு."

"எங்கிட்டயுமாடா?"

"யார்கிட்டயும்."

முகத்தில் ஒரு பெருமை. உளவு வேலைக்கு இப்போதிருந்தே பழகுகிறாராம். பாக்கி இருந்த அந்த ஒன்று என்னவென்றால், போலீசிலிருந்து ஒரு ஆள் மப்டியில் வந்து இவன் எப்படிப்பட்டவன், யாரோடு பழகுகிறான் என்று விசாரித்து எழுதி அனுப்ப வேண்டும். அதை ஒரு வார்த்தை எங்களிடம் சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் இத்தனையும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அதே மாதத்தில்தான் எனக்குக் குடியாத்தத்தில் ஒரு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். சொந்தத் தறிக்காரக் குடும்பம். தரகர் ஜாதகத்தை வாங்கிக்கொண்டு போயிருந்தார். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண் பார்க்க வருவதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டில் யாராவது ஒரு தெரியாத ஆளை அனுப்புவார்கள். அவர் டீக்கடையில் கேட்பார், அக்கம்பக்கத்தில் கேட்பார், தண்ணீர் வேண்டும் என்று வீட்டுக்கே வருவார். குடும்பம் எப்படி, அண்ணன் தம்பி எப்படி என்று பேச்சுக் கொடுப்பார். யார் அனுப்பியது என்று அவர் சொல்லமாட்டார், நாமும் கேட்கக் கூடாது. தெரியாத மாதிரியே உபசரித்து அனுப்ப வேண்டும். அதுதான் மரியாதை.

ஒரு புதன்கிழமை பகல் பதினோரு மணிக்கு அவர் வந்தார். வெள்ளைச் சட்டை, காக்கி கலந்த பேன்ட், கையில் டைரி. காலா முன்னாலேயே ஓடிவந்து பின்வாசல் வழியாகச் சொல்லிவிட்டாள். "டீக்கடையில உங்க வீட்டப் பத்தி ஒருத்தர் கேக்கறாரு. வர்றாரு பாரு. புடவைய மாத்து, ஜல்தி!"

நான் மாற்றினேன். நீலப் புடவை. இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. முகம் கழுவி, பவுடர் போட்டு, பூ வைத்துக்கொண்டு, என் அண்ணனைப் பற்றிப் போலீசில் சொல்வதற்குத் தயாராகி நின்றேன்.

"வாங்க, உக்காருங்க" என்றாள் அம்மா, யார் என்று கேட்காமல். யார் என்று கேட்காததே அவருக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும். நான் காபியும், தட்டில் இரண்டு பேடாவும் கொண்டுபோய் வைத்தேன். அவர் என்னைப் பார்க்கவேயில்லை. அடக்கமான குடும்பத்து ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

"உங்க பையன் இன்னா பண்றாரும்மா?"

"காலேஜ் படிக்கறான். ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. பீடி, சிகரெட் எதுவும் இல்ல."

"கட்சி, சங்கம், அந்த மாதிரி?"

"அதெல்லாம் இல்லீங்க. ரேடியோதான்."

"ரேடியோன்னா?"

அம்மா என்னைப் பார்த்தாள். குடும்பத்துப் பெருமையைச் சொல்ல நல்ல நேரம் என்று இருவருக்கும் தோன்றிவிட்டது. நான் உள்ளே போய் அண்ணனின் தகரப் பெட்டியை அப்படியே தூக்கி வந்து அவர் முன்னால் திறந்தேன்.

"இது மாஸ்கோவுல இருந்து வந்தது. இது சீனா. வருஷா வருஷம் காலண்டர் அனுப்புவாங்க. பேர் போட்டு லெட்டர் வரும். அங்கல்லாம் அண்ணன நல்லா தெரியும்."

"நல்லா தெரியுமா?"

"அண்ணன் எழுதலன்னா ஏன் எழுதலன்னு கேட்டு எழுதுவாங்க" என்றேன். அது பொய். ஒருதரம்கூட அப்படி வந்ததில்லை.

அவர் டைரியைத் திறந்து எழுத ஆரம்பித்தார். இவ்வளவு அக்கறையாக எழுதிக்கொள்கிற குடும்பத்துக்கு வாழ்க்கைப்படுவது நல்லதுதான் என்று எனக்குப் பட்டது.

"வெளிநாட்டுல சொந்தம், பழக்கம் யாராச்சும்?"

எங்களுக்குச் சொந்தம் ஆந்திரா எல்லையோடு முடிந்துவிடும். அந்த நேரம் பார்த்துக் காலா உள்ளே வந்தாள். எனக்கு நல்லது செய்யத்தான் வந்தாள், பாவம்.

"ஏன் இல்ல? என் தம்பி கராச்சியில இருக்கான். பெரிய தோல் வியாபாரம். இந்தப் பையன் அவனுக்குப் புள்ள மாதிரி. லெட்டர் வந்தா எனக்குப் படிச்சுக் காட்டறது இவன்தான், எனக்கு எழுத்து கண்ணுக்குத் தெரியல. பதில் எழுதறதும் இவன்தான். வாய்யா இங்கன்னு எத்தன தடவ கூப்ட்டிருக்கான் தெரியுமா?"

அவர் பேனாவை நிறுத்தி அவளைப் பார்த்தார். பிறகு ஒரு பக்கம் திருப்பி எழுதினார். எழுதி முடித்து இரண்டு பேடாவையும் தின்றார். மூன்றாவது கொண்டுவந்தேன், அதையும் தின்றார். போகும்போது வாசலில் நின்று, "நான் வந்தத பையன்கிட்ட சொல்லவேணாம்" என்றார்.

"சேச்சே, எங்களுக்குத் தெரியாதா" என்று அம்மா சிரித்தாள்.

நாங்கள் சொல்லவில்லை. அவனும் எங்களிடம் எதுவும் சொல்லவில்லை. ஒரே வீட்டில் இரண்டு ரகசியம். அவன் தினமும் தபால்காரரைக் கேட்டான், நானும் அம்மாவும் தினமும் தரகரை எதிர்பார்த்தோம்.

ஆறு வாரம் கழித்துத் தரகர் வந்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் வீட்டில்.

"குடியாத்தத்துக்காரங்க அடுத்த வாரம்தான் விசாரிக்க ஆள் அனுப்பறாங்களாம். கொஞ்சம் வீட்ட ஒழுங்கா வெச்சுக்கங்க" என்றார்.

"அதான் வந்துட்டுப் போனாரே" என்றாள் அம்மா.

"யாரு? அவங்க யாரையும் இன்னும் அனுப்பல."

அம்மா என்னைப் பார்த்தாள். "அப்ப பேடா தின்னுட்டுப் போனவன் யாரு?"

அண்ணன் சோற்றில் கை வைத்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். "எந்த பேடா? எப்ப? இன்னா கேட்டான்?"

நான்தான் சொன்னேன். ஒவ்வொன்றாகச் சொன்னேன். பெட்டியைத் திறந்தது வரைக்கும் சொன்னேன். அவன் கையைக் கழுவவும் இல்லை. கராச்சிக்கு வந்ததும், "காலாவுமா?" என்று மட்டும் கேட்டான். பிறகு சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

"அர மணி நேரத்துல ரஷ்யா, சீனா, பாகிஸ்தான் மூணுத்துக்கும் என்ன ஆளாக்கிட்டீங்க. எந்த நாட்டுக்காரனுக்கும் இது முடியாது."

"நீ சொல்லியிருந்தா நாங்க ஏன்டா..." அம்மா முடிக்கவில்லை.

"ரகசியம்னு போட்டிருந்தான்" என்றான்.

அடுத்த வாரம் கடிதம் வந்தது. நான் பிரிக்கவில்லை. அவனும் உடனே பிரிக்கவில்லை. ரிக்ரெட் இருந்தது. குடியாத்தத்து ஆள் உண்மையாகவே வந்தபோது அம்மாவும் நானும் எதைக் கேட்டாலும் "தெரியாதுங்க, தெரியாதுங்க" என்றோம். அந்த வரனும் போனது. அதற்கு நான் வருத்தப்படவில்லை.

மூன்று வாரம் அண்ணன் என்னோடு பேசவில்லை. தட்டு வேண்டுமென்றால்கூட அம்மாவிடம்தான் கேட்டான். மூன்றாம் வாரம் முடிவில், வெந்நீர் அடுப்புப் பக்கத்தில் தகரப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு படமாக அடுப்பில் வைத்தான். வழவழப்புத் தாள் சரியாக எரியவில்லை, ஒரே புகை. நான் போய் ஊதுகுழலால் ஊதினேன். தடுத்திருக்கலாம். ஊதினேன்.

"அடுத்த தடவ யார் வந்தாலும் நான் சொல்ற மாதிரி சொல்லணும்" என்றான்.

"சொல்றேன்."

"பூ வெக்காம சொல்லணும்."

அப்படித்தான் திரும்பப் பேச ஆரம்பித்தான்.

மாணவனாக இருந்தால்தான் எடுப்பார்கள் என்பதால், பட்டம் வாங்கியதும் தபால் மூலமாக எம்.ஏ. சேர்ந்தான். பகலில் பேரணாம்பட்டில் ஒரு தோல் மண்டியில் கணக்கெழுதும் வேலை. மறுபடியும் விலாசம், மறுபடியும் பாதி 'e', மறுபடியும் பச்சை மை. சாயந்திரத்தில் எங்கள் இருவரையும் உட்கார வைத்து ஒத்திகை நடத்துவான். அவனே மப்டி ஆளாகி, கால்மேல் கால் போட்டுக்கொண்டு கேட்பான்.

"வெளிநாட்டுல இருந்து லெட்டர் கிட்டர் வருமா?"

"வராதுங்க."

"ரேடியோ?"

"சினிமா பாட்டு கேப்பான்."

"அம்மா, நீ இன்னாத்துக்கு சிரிக்கற? அவன் எழுதிக்குவான்."

"பேடா வெக்கலாமாடா?"

"தண்ணி கூட வெக்கக்கூடாது!"

காலாவுக்கும் சொல்லி வைத்தான். அவள் காதைப் பிடித்துக்கொண்டு, "எனக்குத் தம்பியே இல்ல, போதுமா?" என்றாள். பிறகு அழுதாள். இருக்கிற தம்பியை ஒரு நிமிஷத்துக்கு இல்லை என்று சொன்னதற்கே அவளுக்கு அப்படி இருந்தது.

வேறொரு டெல்லி ஆபீசுக்கு மனு போன பிறகு, மழைக்காலத்தில் அவனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லி கொடுத்தோம், பத்தியம் இருந்தான், மண்டிக்கும் போனான். கண் முழுக்க மஞ்சளான பிறகுதான் வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். ரத்தம் எடுக்க ஒரு சின்ன வயது டாக்டர் வந்தார். அண்ணன் வயதுதான் இருக்கும். அவர் போனதும் அண்ணன் என் கையைத் தட்டி, "பாத்துக்க. இன்டர்ன்னா இவர்தான்" என்றான். பதினோராவது நாள் போய்விட்டான். எல்லாரும் நன்றாகத்தான் பார்த்தார்கள். நாங்கள்தான் தாமதம்.

அதற்கு மேல் அதைப் பற்றி என்னால் எழுத முடியாது.

இரண்டு மாதம் ஆகியிருக்கும். அம்மா காலா வீட்டில் இருந்தாள். நான் வேலைக்குப் போகாமல் படுத்திருந்தேன். வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம். எட்டிப் பார்த்தால் அதே வெள்ளைச் சட்டை. அதே டைரி. கொஞ்சம் இளைத்திருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. போன முறையும் என்னைப் பார்த்தால்தானே.

"இந்த வீட்ல ஒரு பையன் இருக்காராமே, எம்.ஏ. படிக்கறவரு?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஏன் சொல்லவில்லை என்று இன்றுவரை தெரியவில்லை. "உக்காருங்க" என்றேன்.

"பையன் எப்டிம்மா?"

"நல்லவருங்க."

"கட்சி, சங்கம்?"

"இல்லீங்க."

"வெளிநாட்டுல பழக்கம்? லெட்டர் எதுனா வருமா?"

"வராதுங்க."

"போன தடவ ஏதோ ரஷ்யா, சீனான்னு எழுதியிருக்கேனே" என்று பழைய பக்கத்தைத் திருப்பினார்.

"ரேடியோவுல அனுப்பற காலண்டருங்க. ஊர்ல பாதி பேருக்கு வரும். நான்தான் பெருமைக்கு ஜாஸ்தியா சொல்லிட்டேன். நீங்க பொண்ணு கேட்டு வந்தவர்னு நெனச்சுட்டோம்."

அவர் முதல்முறையாக என்னைப் பார்த்தார். "அதான் பேடாவா?" என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினார். "கராச்சி?"

"பக்கத்து வீட்டு அம்மாவோட தம்பி. அவங்களுக்கு எழுத்து கண்ணுக்குத் தெரியாது, இவர் படிச்சுக் காட்டுவாரு. வேற ஒண்ணும் இல்ல."

ஒத்திகையில் இந்த இடத்தில் நான் எப்போதும் தடுமாறுவேன். அன்றைக்குத் தடுமாறவில்லை. கோணல் இல்லாத தையல் மாதிரி ஒரே நேராகப் போனது. அவர் கடைசி வரி எழுதி, கீழே கோடு போட்டார்.

"பரவால்லம்மா. இந்தத் தடவ ரிப்போர்ட் நல்லபடியா போயிடும். பையனக் கூப்டு, இப்ப அவர் கையெழுத்தும் வாங்கணும்னு வந்திருக்கு."

"அவர் செத்துட்டாருங்க" என்றேன். "ரெண்டு மாசம் ஆச்சு."

பேனா மூடியைத் தேடினார். கையிலேயே இருந்தது. "அப்புறம் ஏம்மா இவ்ளோ நேரம்..." என்றவர், சுவரில் அண்ணன் படத்துக்குப் போட்டிருந்த மாலையைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

"ஒரு தடவையாச்சும் சரியா சொல்லணும்னு இருந்துச்சு" என்றேன்.

தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். குடித்துவிட்டு, "ஃபைல மூடணும்னா டெத் சர்டிபிகேட் நகல் வேணும். கெஜடட் ஆபீசர் கையெழுத்தோட" என்றார்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மறுநாள் போனேன். அதே ஸ்டூல், அதே பியூன்.

"இன்னாம்மா, மந்திரி வரலியா? தங்கச்சிய அனுப்பிட்டாரா?"

நான் தாளை நீட்டினேன். அவர் முதல் இரண்டு வரி படித்தார். தாளை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். இரண்டு நிமிஷத்தில் பச்சை மையோடு வந்தார். நாளைக்கு வா இல்லை. கேம்ப் இல்லை. இருபது தடவை அலைந்தவனுக்குக் கிடைக்காத வேகம். அந்தத் தாளை அங்கேயே கிழித்துப் போடலாம் போல எனக்கு ஆத்திரமாக வந்தது. பியூன் என்னோடு தெருவரைக்கும் நடந்து வந்தார்.

வேலூரில் அந்த மப்டிக்காரர் இருந்த ஆபீசைத் தேடிப் போய் நகலைக் கொடுத்தேன். அவர் என் வீட்டில் எழுதிக்கொண்டு போனதை வைத்து அடித்த ரிப்போர்ட்டை ஃபைலிலிருந்து உருவி, தனியாக ஓரமாக வைத்துவிட்டு, நகலைக் குத்தப் போனார்.

"அதையும் சேத்து அனுப்புங்க சார்" என்றேன்.

"ஆள் இல்லன்னா ரிப்போர்ட் தேவயில்லம்மா. நகல் மட்டும் போதும். அப்டிதான் வழக்கம்."

"பழைய ரிப்போர்ட் டெல்லியில இருக்குதில்ல? அதுல இன்னா எழுதியிருக்குதோ அதானே அவங்களுக்குத் தெரியும்?"

அவர் குண்டூசி டப்பாவைத் திறந்தார்.

"அப்ப இதையும் அனுப்புங்க. நல்லவர்னு எழுதியிருக்கீங்கல்ல."

குண்டூசியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "பாக்கறேன், நீ கெளம்பு, பஸ் போயிடும்" என்றார். நான் கிளம்பவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தேன். சேர்த்துக் குத்துகிற வரைக்கும் போகமாட்டேன் என்று அவருக்கும் புரிந்திருக்கும். முக்கால் மணி நேரம் கழித்து, இரண்டு தாளையும் ஒன்றாகப் பிடித்து, குத்தி, எனக்குத் தெரிகிற மாதிரி ஒருதரம் தூக்கிக் காட்டிவிட்டு ஃபைலில் போட்டார்.

டெல்லியில் அதை யாராவது திருப்பிப் பார்த்தார்களா என்று எனக்குத் தெரியாது. நாலு மாதம் கழித்து அண்ணன் பெயருக்கு ஒரு கவர் வந்தது. பிரித்து, பழக்கத்தில் முதல் வரியில் தேடினேன். ரிக்ரெட் என்று இருந்தது. இந்த முறை எதற்கு வருத்தப்படுகிறார்கள் என்று படித்துச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை.